மாசியில் விதைத்த கேரட் ஏன் பருக்கவில்லை?

கேள்வி: திருச்சி உறையூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சில ஆண்டுகளாகத் தோட்டம் வைத்திருக்கிறேன். கத்தரி, வெண்டை, கீரை வகைகள் குறையில்லாமல் வருகின்றன. பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டதால் சென்ற மாசியில் பத்துப் பைகளில் கேரட் வைத்தேன். குழித்தட்டில் விதைத்து, நாற்று நான்கு இலை விட்டதும் பைக்கு மாற்றினேன். வாரம் தவறாமல் பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். இலை முழங்கை உயரம் தழைத்தது. வைகாசியில் பிடுங்கியபோது ஒன்றுகூட விரல் தடிமனுக்கு மேல் இல்லை. பல கிழங்குகள் இரண்டு மூன்று காலாகப் பிரிந்து, மேலெல்லாம் சல்லிவேரோடு வெளிறிக் கிடந்தன. இரண்டு பைகளில் வேர் முடிச்சு முடிச்சாக இருந்தது. கடையில் வாங்கிய கேரட்டின் தலையை வெட்டி வைத்ததும் இலை விட்டு வெள்ளையாகப் பூத்தது, அவ்வளவுதான். குடிநீர் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிகளுக்கே ஊற்றி வருகிறேன். பைகளின் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறது. கிழங்கு பருக்க என்ன உரம் இட வேண்டும்? பைகளுக்குப் பதிலாக மாடியில் 8 அடிக்கு 4 அடி அளவில் செங்கல் வைத்துக் கட்டி, ஓர் அடி உயரம் மண் நிரப்பிப் பாத்தி அமைக்கலாமா என்று என் கணவர் கேட்கிறார். எங்கள் ஊர் வெயிலுக்கு வேறு எந்தக் கிழங்குகள் வரும்?

— உறையூர் வாசகி ஒருவர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

கிழங்கு பருக்க எந்த உரமும் இட வேண்டாம். இட்டுக்கொண்டிருப்பதையும் பாதிக்கு மேல் குறைத்துவிடுங்கள். முழங்கை உயரத்துக்கு இலை தழைத்த செடிக்கு ஊட்டக் குறை இருக்க வழியில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துப் பார்த்தால், விதைத்த மாதம், நாற்றுப் பிடுங்கி நட்டது, ஊற்றிய தண்ணீர், அளவுக்கு மீறிக் கொடுத்த தழைச்சத்து ஆகிய நான்கும் சேர்ந்துதான் கிழங்கைக் கெடுத்திருக்கின்றன என்று தெரிகிறது. பைகள் இரண்டில் கண்ட முடிச்சு மட்டும் தனிக் கதை.

மாதத்தை முதலில் பார்ப்போம். கேரட் கிழங்கு நன்றாகப் பருத்து நிறம் ஏறுவதற்கு 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சி வேண்டும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிப் பல நாட்கள் நீடித்தால் கிழங்கு குட்டையாகவும் நாரோடியும் வெளிறியும் போகும். ருசியிலும் ஒரு காட்டமான வாடை ஏறிவிடும். உதகை சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏற ஏற ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில், திருச்சியைவிட அங்கே பதினான்கு டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி. உதகையை அடுத்த கேத்திப் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு சரிவில் கேரட் அறுவடை நடந்துகொண்டிருப்பதற்கும், மேட்டுப்பாளையத்து மண்டிகளுக்கு நாள்தோறும் மூட்டைகள் இறங்குவதற்கும் அந்தக் குளிர்ச்சியே காரணம். ஓசூர்ப் பக்கம் 900 மீட்டர் உயரத்திலேயே ஓரளவு சமாளித்து விளைவிக்கிறார்கள். நீங்கள் மாசியில் விதைத்ததால், கிழங்கு பருக்க வேண்டிய சித்திரையும் வைகாசியும் திருச்சியில் 38, 40 டிகிரி கொளுத்தும் நாட்களாக அமைந்துவிட்டன. அதிலும் மொட்டை மாடித் தளத்தில் வைத்த பைக்கு மேலேயிருந்து வெயிலும் கீழேயிருந்து தளத்தின் சூடும் சேர்ந்து தாக்கும். பிற்பகல் மூன்று மணிக்குப் பையின் மேற்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் உள்ளே வேர் என்ன பாடு படும் என்பது விளங்கிவிடும்.

ஆகவே சமவெளியில் கேரட்டுக்கு இருப்பது ஒரே பட்டம்தான். உங்கள் ஊரில் ஐப்பசிக் கடைசியிலிருந்து கார்த்திகை நடுப்பகுதிக்குள், அதாவது நவம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து மாத முடிவுக்குள் விதைத்துவிட வேண்டும். அப்போது விதைத்தால் கிழங்கு பருக்கும் காலம் மார்கழி, தை மாதங்களில் விழும். அந்த மாதங்களிலும் திருச்சியில் பகல் வெப்பம் 29, 30 டிகிரியைத் தொடும் என்றாலும் இரவில் 20, 21 டிகிரிக்கு இறங்குவதால் செடி பகலில் சேர்த்த மாவுச்சத்து இரவின் சூட்டில் வீணாகாமல் கிழங்குக்குப் போய்ச் சேர்கிறது. மாசி பிறந்து வெயில் ஏறுவதற்குள் கிழங்கு கைக்கு வந்துவிட வேண்டும். ஐப்பசியின் தொடக்கத்திலேயே விதைக்கலாமே என்று தோன்றும். வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யும் அந்த நாட்களில் மேலாக விதைத்த சின்ன விதை அடித்துக்கொண்டு ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும். விதைத்த பிறகும் பெருமழை அறிவிப்பு வந்தால் பைகளின் மேல் பிளாஸ்டிக் தாளைக் கூடாரமாகக் கட்டி இரண்டு நாள் காப்பாற்றுங்கள். மொத்தப் பைகளிலும் ஒரே நாளில் விதைக்காமல், பாதியை இரண்டு வாரம் தள்ளி விதைத்தால் மழையில் ஒன்று போனாலும் மற்றது நிற்கும்.

அடுத்தது நாற்று. கத்தரி, தக்காளி, மிளகாய்க்குப் பழகிய கை கேரட்டுக்கும் குழித்தட்டைத் தேடுவது இயல்பு. ஆனால் கேரட்டில் நாம் உண்பது ஆணிவேரையே. விதை முளைத்ததும் செடி முதலில் செய்யும் வேலை அந்த ஆணிவேரைக் கீழே இறக்குவது; மேலே இரண்டு மூன்று இலைகள் மட்டும் தெரியும் நாட்களிலேயே, கீழே மெல்லிய நூலாக வேர் வெகுதூரம் போயிருக்கும். கிழங்கு எவ்வளவு நீளம் வரும் என்பதும், நேராக வருமா கிளைக்குமா என்பதும் முதல் மூன்று நான்கு வாரங்களில் அந்த நூல் வேர் போன வழியைப் பொறுத்தே முடிவாகிவிடுகின்றன. பருத்தல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. குழித்தட்டின் ஆழம் இரண்டு அங்குலத்துக்குள்தான் இருக்கும். நான்கு இலை விடும் வரை நாற்று அதில் இருந்தபோது வேரின் நுனி அடியில் முட்டி வளைந்திருக்கும் அல்லது காய்ந்து கருகியிருக்கும். பிடுங்கி நட்டபோது எஞ்சிய நுனியும் ஒடிந்திருக்கும். நுனி போன ஆணிவேர் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று வேர்களை விட்டுக்கொண்டு இறங்குகிறது. நீங்கள் பார்த்த இரண்டு கால், மூன்று கால் கிழங்குகள் அவைதாம். இதே விளைவைக் கல், மட்காத சாணக் கட்டி, தேங்காய் மட்டைத் துண்டு, இறுகிப்போன மண் ஆகியவையும் உண்டாக்கும். இந்தக் குறையைப் பிறகு எந்த உரம் கொடுத்தும் நிமிர்த்த முடியாது என்பதால், உங்கள் கவனம் முழுவதும் விதைப்புக்கு முந்திய இரண்டு வாரத்திலும் பிந்திய நான்கு வாரத்திலும் இருக்கட்டும்.

பையைத் தேர்ந்தெடுக்கும்போது அகலத்தைவிட ஆழம் பாருங்கள். 12 அங்குல உயரப் பையில் கலவையை நிரப்பி நீர் ஊற்றியதும் இரண்டு அங்குலம் அமுங்கிவிடும். விளிம்புக்கு ஓர் அங்குலம் இடம் விட்டது போக வேருக்குக் கிடைப்பது ஒன்பது அங்குலம்தான். குட்டையான ரகத்துக்கு அது போதும் என்றாலும், 12 அங்குல விட்டமும் 15 அங்குல உயரமும் உள்ள பை கிடைத்தால் அதையே வாங்குங்கள். வெளிப்புறம் வெள்ளையாக உள்ள, புற ஊதாக் கதிரைத் தாங்கும் கெட்டியான பை கறுப்புப் பையைவிட வேரைச் சூட்டிலிருந்து காக்கும். பழைய பெயின்ட் வாளியும் இதற்கு நல்ல தொட்டிதான். நன்றாகக் கழுவி, அடியில் ஐந்தாறு துளை போட்டுவிட்டால் போதும். எதுவானாலும் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். வடிநீர் தேங்காது, தட்டோடும் கெடாது.

கலவையில் கத்தரிக்குப் போடும் அதே கலவை கேரட்டுக்கு உதவாது. சல்லடையில் சலித்த செம்மண் ஒரு பங்கு, நன்றாகக் கழுவிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, பொடியாக மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு என்ற அளவில் கலந்து, கடைசியில் கொஞ்சம் மணல் சேர்க்கலாம். ஆற்று மணல் அரிதாகிவிட்ட இந்நாளில் எம்-சாண்ட் சேர்ப்பவர்கள் அதிலுள்ள மாவுத் தூளை இரண்டு முறை அலசி நீக்கிய பிறகே சேர்க்க வேண்டும். அந்தத் தூள் ஈரத்தில் இறுகி, நாம் எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதையே செய்துவிடும். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள் கலந்து, இரண்டு வாரம் லேசாக ஈரம் காட்டி ஆறவிட்டுப் பிறகு விதைக்கலாம். புதுச் சாணம், பாதி மட்கிய சமையலறைக் கழிவு இரண்டும் கேரட் பைக்குள் வரவே கூடாது.

விதைக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சமவெளியில் கேரட் வைப்பவர்களில் பலர் கிழங்கு வரை வருவதில்லை, முளைப்பிலேயே தோற்றுவிடுகிறார்கள். முந்தின நாள் மாலை பையில் அடியிலிருந்து வடியும் வரை நீர் ஊற்றிவிடுங்கள். மறுநாள் காலை மேற்பரப்பைக் கையால் சமப்படுத்தி, ஆள்காட்டி விரல் நகத்தில் பாதி ஆழத்துக்கு, அதாவது அரை அங்குலத்துக்குள், மூன்று விரல் இடைவெளியில் கோடுகள் இழுங்கள். விதை மிகச் சிறியது. வெறும் கையால் தூவினால் ஓரிடத்தில் குவியும், ஓரிடத்தில் விழாது. ஒரு பங்கு விதைக்கு நான்கு பங்கு காய்ந்த மணல் கலந்து, கோலப்பொடி விடுவதுபோல் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் கோட்டின் மேல் விட்டுக்கொண்டே போங்கள். மேலே சலித்த நார்க்கழிவை மெல்லியதாகத் தூவி, உள்ளங்கையால் ஒருமுறை அமுக்கினால் விதையும் ஈரமும் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் நனைத்துப் பிழிந்த கோணிச் சாக்கைப் பரப்பிவிடுங்கள். இனி முளைக்கும் வரை பைக்குள் நேராகத் தண்ணீர் ஊற்றக் கூடாது. சாக்கின் மேல் பூவாளியால் காலையும் மாலையும் தெளித்தால் போதும்.

கேரட் முளைக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். சில விதை இரண்டு வாரமும் எடுத்துக்கொள்ளும். இந்த இடைவெளியில் ஒரே ஒரு பிற்பகல் மேல்மண் காய்ந்துவிட்டாலும் முளைவிடத் தொடங்கிய விதை செத்துவிடும். நாம் விதை சரியில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்வோம். ஐந்தாம் நாளிலிருந்து சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். நூல்போல வளைந்த வெளிர்பச்சை முளை ஒன்றிரண்டு தெரிந்த உடனே, அன்று மாலையே, சாக்கை எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் முளைக்கட்டும் என்று ஒரு நாள் தாமதித்தால் முளைகள் சாக்கின் இழைக்குள் நுழைந்துகொண்டு, எடுக்கும்போது கூடவே வந்துவிடும். கேரட் விதையோடு முள்ளங்கி விதையைக் கலந்து விதைத்தால் அது முதலில் முளைத்து மண்ணை இளக்கிக் கொடுக்கும் என்று ஓர் ஆலோசனை உலவுகிறது. வயலில் அது பயன்படலாம். ஓர் அடி அகலப் பையில் முள்ளங்கி இலை விரிந்து கேரட்டை மூடிவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

மூன்றாம் வாரத்தில், மூன்று நான்கு இலை வந்ததும், நெருக்கத்தைக் கலைக்க வேண்டும். இங்கேதான் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு மனம் வருவதில்லை. 12 அங்குலப் பையில் செடிக்குச் செடி மூன்று அங்குலம் விட்டால் பத்து, பன்னிரண்டு செடிகள்தான் நிற்கும். மிச்சத்தை எடுத்தாக வேண்டும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும் என்பதால், சிறு கத்தரிக்கோலால் தரையோடு வெட்டிவிடுங்கள். வெட்டியதை வேறு பையில் நட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். அந்த இளந்தழையைப் பருப்போடு சேர்த்துப் பொரியல் செய்துவிடலாம். கிழங்கு பருக்கும்போது தோள்பகுதி மண்ணுக்கு மேலே தலைகாட்டினால் வெயில் பட்டுப் பச்சையாகிக் கசக்கும். அவ்வப்போது இரண்டு கைப்பிடி கலவையை அடியில் அணைத்துவிடுங்கள்.

ரகத்தைப் பொறுத்தவரை, விதைக் கடையில் குரோடா வகை என்று கேட்டு வாங்குங்கள். ஜப்பானில் உருவான இந்த வகை, மேலே அகன்று கீழே கூம்பிய, அதிக நீளமில்லாத கிழங்கு தரும்; வெப்பத்தை மற்ற ஆரஞ்சு நிற ரகங்களைவிடக் கூடுதலாகத் தாங்கும்; ஏறத்தாழ தொண்ணூறு நாளில் வரும். பாக்கெட் படத்தில் நீளமாக, உருளையாக, முனை மழுங்கி இருக்கும் நான்டிஸ் வகை குளிர்ச்சியான இடத்துக்கானது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஊட்டி-1 பெயருக்கேற்றபடி மலைக்கு உரியது. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூசா கேசர், பூசா ருதிரா, பூசா விருஷ்டி ஆகியவை வெப்பம் தாங்கும் வட இந்தியச் சிவப்பு வகையைச் சேர்ந்தவை. விதை கைக்குக் கிடைத்தால் ஒரு பையில் முயன்று பாருங்கள், அல்வாவுக்கு அவையே நேர்த்தி.

இனி நீங்கள் ஊற்றும் தண்ணீர். பைகளின் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரி இல்லாவிட்டால் இதை நான் ஊகித்திருக்கவே முடியாது. சுத்திகரிப்புக் கருவி குடிக்கும் நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் வெளியேறும் நீரில்தான் இருக்கிறது. கருவிக்குள் போகும் நீரைவிட அது எப்போதும் கூடுதல் உப்புள்ளது. காய்கறிகளில் உப்பை மிகக் குறைவாகத் தாங்குபவை கேரட், பீன்ஸ், வெங்காயம் ஆகியவை. நீரில் கரைந்த உப்பைக் காட்டும் அளவான மின்கடத்துதிறன் பாசன நீரில் 0.7 அலகு, அதாவது கரைந்த உப்பை அளக்கும் கையடக்க டிடிஎஸ் மீட்டரில் சுமார் 450 காட்டும் வரை கேரட்டுக்குப் பாதகமில்லை. அதற்கு மேல் ஏற ஏற விளைச்சல் சரிந்து, மூன்று அலகில், அதாவது 1,900 அளவில், பாதியாகிவிடும். பீட்ரூட்டோ 2.7 அலகு வரை, அதாவது 1,700 வரை, எந்தக் குறையும் காட்டாமல் விளையும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த மீட்டர் ஒன்றை வாங்கி, வீட்டில் வரும் ஒவ்வொரு நீரையும் ஒருமுறை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உரத்துக்குச் செலவிடும் பணத்தைவிட இது நன்றாகப் பயன்படும். கருவியின் கழிவுநீரை வீடு துடைக்கவும் பாத்திரம் ஊறவைக்கவும் வைத்துக்கொண்டு, கேரட்டுக்கு மாநகராட்சிக் குழாய் நீரோ பிடித்து வைத்த மழைநீரோ கொடுங்கள். இப்போது பைகளில் படிந்திருக்கும் உப்பை வரும் மழையே கழுவிவிடும். துளைகள் அடைபடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தென்னை நார்க்கழிவுக் கட்டியிலும் கழுவாவிட்டால் உப்பு உண்டு. ஊறவைத்து, பிழிந்து, நீரை மாற்றி மறுபடியும் ஊறவைத்த பிறகே கலவையில் சேர்க்க வேண்டும். சாம்பல் போட்டால் கிழங்கு திரளும் என்று யாராவது சொன்னால், ஏற்கெனவே உவர் ஏறிய உங்கள் பைகளுக்கு அது இன்னும் உவர் சேர்க்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

எந்த நீரானாலும் ஒரே சீராகக் கொடுப்பது முக்கியம். இரண்டு நாள் வாடவிட்டு மூன்றாம் நாள் நிறைய ஊற்றினால் உள்ளே திடீரெனப் பருக்கும் கிழங்கு நீளவாக்கில் வெடித்துவிடும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு நீரைச் சற்றுக் குறைக்கலாம்.

பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் நல்ல பொருள்கள்தான். கீரைக்கும் வெண்டைக்கும் நீங்கள் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மீன் அமிலத்தில் தழைச்சத்து மிகுதி. வாரந்தோறும் தழைச்சத்து கிடைக்கும் கேரட், இலையை வளர்த்துக்கொண்டே போகும். கிழங்கில் சல்லிவேர் மிகுவதற்கும் இதுவே ஒரு காரணம். அடுத்த முறை, கலவையில் சேர்த்த மட்கிய உரத்தோடு, முளைத்து ஐந்தாம் வாரத்தில் ஒருமுறையும் எட்டாம் வாரத்தில் ஒருமுறையும், லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளித்தால் போதும். மீன் அமிலம் கேரட்டுக்கு வேண்டாம்.

முடிச்சு விழுந்த இரண்டு பைகளைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது வேர் முடிச்சு நூற்புழுவாகவே இருக்க வேண்டும். அந்தப் பைகளில் முன்பு கத்தரியோ தக்காளியோ வெண்டையோ நின்றிருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இம்மூன்றும் அந்தப் புழுவுக்கு விருந்து. அந்த மண்ணை வேறு பையில் கலந்துவிடாதீர்கள். இப்போதைக்கு அவற்றில் துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக வைத்து வளருங்கள். அதன் வேர் நூற்புழுவை அடக்கும். அடுத்த கோடையில் அந்தக் கலவையை மாடியில் அரையடிக் கனத்துக்குப் பரப்பி, நன்றாக நனைத்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் மூடி ஓரங்களை அழுத்திவிட்டு, நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் விடுங்கள். கேரட்டைக் கெடுத்த அந்தச் சித்திரை வெயில் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. இனிக் கேரட் வைக்கும் பைக்கு முந்தின பயிராகக் கீரையோ வெங்காயமோ இருக்கட்டும்.

வெட்டி வைத்த கேரட் தலை பூத்ததில் வியப்பில்லை. கேரட் ஈராண்டுப் பயிர். முதல் பருவத்தில் கிழங்கில் உணவைச் சேர்த்து, குளிரைக் கடந்த பிறகு அந்த உணவைச் செலவழித்துப் பூக்கும். மலையின் குளிரையோ உங்கள் குளிர்பெட்டியின் குளிரையோ கண்ட கிழங்கின் தலைப்பகுதி, மண்ணில் வைத்ததும் பூத்து முடிக்கவே முனையும். வெட்டிய தலையிலிருந்து புதிய ஆணிவேர் உருவாகாது என்பதால் அதில் எந்நாளும் கிழங்கு வராது. அந்த வெள்ளைக் குடைப் பூவுக்குத் தேனீக்கள் நிறைய வரும் என்பதால் ஒன்றை விட்டு வையுங்கள். விதை மட்டும் எடுக்க வேண்டாம், கடையில் வரும் கேரட் பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம், அதன் விதை தாய்போல வராது.

உங்கள் கணவரின் பாத்தி யோசனைக்கு வருகிறேன். இதில் தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். 8 அடிக்கு 4 அடி, ஓர் அடி உயரம் என்றால் 32 கன அடி, அதாவது 900 லிட்டருக்குச் சற்று மேல். நனைந்த மண் லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிலோ இருக்கும். செங்கல்லைச் சேர்க்காமலே கிட்டத்தட்ட ஒன்றரை டன் எடை மூன்று சதுர மீட்டர் பரப்பில், சதுர மீட்டருக்கு 480 கிலோ என்ற அளவில் உட்காரும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயப்படி கட்டுமானக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். ஆண்டு முழுவதும் ஈரம் கசிந்துகொண்டிருக்கும் அந்தப் பாத்தியின் அடியில் ஒழுக்கு வந்தாலும் அது கண்ணில் படாது. கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அதைக் கட்டக் கூடாது. நார்க்கழிவு மிகுந்த கலவை நிரப்பிய 12-க்கு 15 அங்குலப் பை ஒன்று ஈரத்தோடு 25 கிலோ அளவில் இருக்கும். அவற்றைக் கைப்பிடிச் சுவரை ஒட்டியும், கீழே உத்திரம் போகும் இடத்துக்கு மேலாகவும் வரிசையாக வைத்து, மாடியின் நடுவைக் காலியாக விடுவதே பாதுகாப்பு.

விளைச்சலைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லாம் சரியாக அமைந்தாலும் பைக்கு முக்கால் கிலோ கேரட் வந்தால் நல்ல மகசூல். தொண்ணூறு நாள் ஒரு பையைக் கேரட்டுக்கு ஒதுக்குவதைவிட, அதே பையில் சிறுகீரையோ அரைக்கீரையோ வைத்தால் வீட்டுக்குக் கிடைப்பது அதிகம். பிள்ளைகள் தம் கையால் பிடுங்கிப் பார்ப்பதற்காக நான்கைந்து பை கேரட் வையுங்கள், பத்தும் வேண்டாம்.

மற்ற கிழங்குகளில் முள்ளங்கிதான் உங்கள் மாடிக்கு முதல் தேர்வு. பூசா சேத்கி போன்ற வெப்பம் தாங்கும் ரகம் நாற்பது, நாற்பத்தைந்து நாளில் வந்துவிடும். கடுங்கோடையைத் தவிர மற்ற மாதங்களில் விதைக்கலாம். நாள் தாண்டினால் பஞ்சாகிவிடும் என்பதால் குறித்த நாளில் பிடுங்கிவிட வேண்டும். அடுத்தது பீட்ரூட். உடுமலைப் பக்கம் சமவெளி வயல்களிலேயே அது பயிராகிறது, உப்பு நீரையும் பொறுத்துக்கொள்ளும், நாற்று மாற்றி நட்டாலும் கேரட் அளவுக்குக் கோணிக்கொள்ளாது. விதை என்று நாம் ஊன்றுவது இரண்டு மூன்று விதைகள் ஒட்டியிருக்கும் காய் என்பதால் ஓரிடத்தில் ஒன்றுக்கு மேல் முளைக்கும். வலுவானதை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். புரட்டாசி தொடங்கித் தை வரை விதைக்கலாம். சர்க்கரைவள்ளிக் கொடியைப் பெரிய பையில் ஊன்றினால் அது வெயிலுக்கு அஞ்சாது. சேப்பங்கிழங்கும் அப்படியே, ஆனால் நீர் நிறையக் கேட்கும். நூல்கோலும் டர்னிப்பும் கேரட்டைப் போலவே கார்த்திகை விதைப்புக்கு உரியவை.

இப்போது ஆவணி. மழைக்குப் பிறகு கேரட்டுக்கு ஒதுக்கப்போகும் பைகளில் உடனே சிறுகீரை விதைத்தால் கார்த்திகைக்குள் இரண்டு முறை அறுத்துவிடலாம். அந்த நேரத்தில் பை காலியாகவும் கலவை பக்குவமாகவும் இருக்கும். மாசியில் வாங்கி மீந்த கேரட் விதை இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் குளிர்ச்சியாக வைத்திருந்தால் கேரட் விதை மூன்று ஆண்டு வரை முளைக்கும். ஐப்பசி பிறந்ததும் இருபது விதைகளை ஈரத் துணியில் மடித்து வைத்துப் பாருங்கள். பத்து நாளில் பன்னிரண்டுக்கு மேல் முளைத்தால் அதையே கொஞ்சம் நெருக்கமாக விதைக்கலாம், குறைந்தால் புதுப் பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.